கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு டம்ளர் காபியும்

சேலத்தில் பேருந்து ஏறும் முன் குடித்த காபி, பதினைந்தாவது வளைவில் நினைவுக்கு வரும். ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 20. ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. முட்டிக்கொண்டு வரும் பயணிக்கு அந்தப் பலகைகளை எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சம். நிறுத்தினாலும் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மேலே போய் இறங்கியதும் பாதிக் கூட்டம் முதலில் தேடுவது ஏரியை அல்ல.

“காபி குடிச்சா இப்படித்தான்” என்று பழியை அங்கேயே எழுதி முடித்துவிடுவார்கள். காபிக்கும் பங்கு உண்டுதான். குடித்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் காஃபீன் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுகிறது. சேலத்திலிருந்து மலையேறப் பேருந்துக்கு ஆகும் நேரமும் ஏறக்குறைய அதுவே. ஆனால் கூட்டாளிகள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். கீழே சித்திரை வெயிலில் வியர்வையாகப் போய்க்கொண்டிருந்த நீர், 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்ததும் அந்த வழியில் போவதில்லை. மிச்சப்பட்டதைச் சிறுநீரகம்தான் வெளியேற்றியாக வேண்டும். மார்கழி, தை மாதங்களில் குளிரும் சேர்ந்துகொள்கிறது. குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் உடலின் நடுப்பகுதிக்குத் தள்ளப்படுகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று கணக்குப் போடும் மூளை, நீரைப் பிடித்துவைக்கச் சொல்லும் வாசோபிரசின் ஹார்மோனைக் குறைக்கிறது. சிறுநீரகம் மதகைத் திறந்துவிடுகிறது.

பெரியவர்களின் சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை தாங்கும். 150, 200 மில்லிலிட்டர் சேர்ந்தவுடனேயே முதல் சேதி மூளைக்குப் போய்விடும். சேதி வந்ததற்கும் பை நிறைந்ததற்கும் இடையே இவ்வளவு அவகாசம் இருக்கிறது. சாப்பாடும் பானங்களும் செய்யும் குறும்புகளில் பாதி இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820களில். சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் அதை இங்கே பயிரிட வைத்தார். பேரிக்காயும் ஆப்பிளும்கூட அவர் முயற்சிதான். இன்றும் மலையில் பெரும்பாலும் அராபிகா ரகம். சிறுநீர்ப்பையின் கண்ணில் இது நல்ல செய்தி. அராபிகாக் கொட்டையில் காஃபீன் எடையில் ஏறத்தாழ 1.2 சதவீதம், ரோபஸ்டா ரகத்தில் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கடைக் காபியின் கறுப்பு நிறத்தைப் பார்த்து வீரியத்தை எடைபோடுவதும் தவறு. நிறத்தையும் திடத்தையும் தருவது பல நேரங்களில் சிக்கரி. அதில் காஃபீனே கிடையாது. காபி-சிக்கரிக் கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்க இந்திய உணவு விதிகள் இடம் கொடுக்கின்றன. பாக்கெட்டின் மூலையில் பொடி எழுத்தில் அந்த விகிதம் அச்சாகியிருக்கும். “ஸ்ட்ராங்கா ஒண்ணு” என்று கேட்டு வாங்கிக் குடிப்பவர் பாதிக்குப் பாதி வறுத்த கிழங்கைக் குடித்துக்கொண்டிருக்கலாம்.

காஃபீன் செய்யும் வேலை இரண்டு. சிறுநீரகத்தில் உப்பை மீட்டு எடுக்க உதவும் அடினோசினின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. மீட்கப்படாத உப்பு வெளியேற, அதன் பின்னாலேயே நீரும் போகிறது. இது வழக்கமாகக் குடிப்பவர்களிடம் சில நாட்களிலேயே மட்டுப்பட்டுவிடும். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் காபிப் பழக்கமுள்ள 50 ஆண்களைக் கொண்டு நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு நான்கு கோப்பை வீதம் மூன்று நாள் காபி குடிக்க வைத்தார்கள். பிறகு அதே அளவு தண்ணீர். உடலின் நீர்ச்சத்தில் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. “காபி உடம்புத் தண்ணியை எல்லாம் உறிஞ்சிரும்” என்ற பேச்சுக்கு, அளவோடு குடிப்பவர்கள் விஷயத்தில் ஆதாரம் இல்லை.

இரண்டாவது வேலை சிறுநீர்ப்பையிலேயே நடக்கிறது. பையின் சுவர்த்தசையைக் காஃபீன் உசுப்பிவிடுகிறது. பை நிறையாதபோதே நிறைந்துவிட்டது போன்ற அவசரம் வருகிறது. எல்லோருக்கும் அல்ல, ஏற்கெனவே அடக்க முடியாத அவசரத்தோடு அல்லாடுபவர்களுக்கு. அமெரிக்கச் செவிலியர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், நாளுக்கு 450 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் எடுத்துக்கொண்ட பெண்களிடம் அவசரத்தில் சிறுநீர் கசியும் தொல்லை கூடுதலாக இருந்தது. நம் ஊர் அளவுக்கு, ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி உதவும். 150 மில்லிலிட்டர் டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, தேநீரில் 30 முதல் 65. நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அது. காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று குடிப்பவர் சரியாக வரப்பின் மேல் நிற்கிறார். காஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம்போல் ஆகும் என்பதால், இரவில் எழுந்து எழுந்து போகிறவர்கள் முதலில் கை வைக்க வேண்டியது சாயங்கால டம்ளரில்.

காபிக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே இதைவிடப் பெரிய வழக்கு ஒன்று நடந்து முடிந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1991இல், சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சந்தேகப் பட்டியலில் காபியைச் சேர்த்தது. 25 ஆண்டுகள் அந்தக் கறை இருந்தது. 2016இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்த நிபுணர் குழு, குற்றத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பட்டியலிலிருந்து காபியை விடுவித்தது. பழைய ஆய்வுகளில் நிறையக் காபி குடித்தவர்களில் பலர் நிறையச் சிகரெட்டும் பிடித்தவர்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் காரணம் புகையிலை. பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்குக் காபி மாட்டிக்கொண்டது.

அதே குழு வேறொன்றையும் சொன்னது: 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம். டம்ளரிலிருந்து டவராவுக்கும் டவராவிலிருந்து டம்ளருக்கும் இழுத்து ஆற்றிக் குடிக்கும் வழக்கம் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. ஆற்றாமல் காகிதக் கோப்பையில் மூடி போட்டு வாங்கி உறிஞ்சுவதுதான் புது ஆபத்து. மலை உயரம் இதில் பெரிதாகக் காப்பாற்றாது. ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்றாலும் 95க்கும் 65க்கும் தூரம் அதிகம். அந்தக் கொதி டிகாக்‌ஷனுக்கு எதேஷ்டம். பருப்புதான் வேக அடம்பிடிக்கும்.

காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். மிளகின் பைபரினும் மிளகாயின் கேப்சைசினும் நரம்பு முனைகளில் உள்ள ஒரே பூட்டைத் திறக்கின்றன. டி.ஆர்.பி.வி.1 என்ற அந்த ஏற்பியை 1997இல் அடையாளம் காட்டிய அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நாக்கில் காரம் சுடுவது போலத் தெரிவது இந்த ஏற்பியால்தான். சிறுநீர்ப்பைச் சுவரின் நரம்புகளிலும் அது இருக்கிறது. ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றவருக்கு எரிச்சல் ஏன் இரண்டு இடத்தில் வருகிறது என்பதற்கு இதுவே விளக்கம் என்று சொல்லிவிடத் தோன்றும். அவ்வளவு நேரடி இல்லை. தின்ற கேப்சைசினில் பெரும்பகுதியைக் கல்லீரல் வழியிலேயே சிதைத்துவிடுகிறது. தவிர, கேப்சைசினைக் குழாய் வழியாக நேரே சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, அளவுக்கு மீறித் துடிக்கும் பையை அடக்கும் சிகிச்சையையும் மருத்துவர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். தொடர்ந்து தூண்டப்படும் நரம்பு கடைசியில் சொரணை கெட்டுப்போகும் என்பதுதான் அதன் சூட்சுமம்.

“காரம், புளிப்பு, காபி, சோடா, சாக்லேட், தக்காளி எதையும் தொடாதே” என்று நீண்ட பட்டியல் கொடுப்பவர்களை நம்பிச் சமையலறையையே காலி செய்ய வேண்டியதில்லை. இந்தப் பட்டியலின் பெரும்பகுதி நோயாளிகள் சொன்ன அனுபவங்களிலிருந்து வந்தது. சிறுநீர்ப்பை வலி நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் இவற்றில் ஏதோ சில தங்களுக்கு ஆகவில்லை என்கிறார்கள், அது உண்மை. ஆனால் ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கு ஆகிறது. சந்தேகப்படும் பொருட்களை ஓரிரு வாரம் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதுதான் நேர்மையான சோதனை. எத்தனை மணிக்கு என்ன குடித்தோம், எத்தனை மணிக்குப் போனோம் என்று மூன்று நாள் நோட்டில் எழுதினாலே பலருக்குத் தங்கள் எதிரி யார் என்று தெரிந்துவிடும். காபியை மட்டும் ஒரே நாளில் வெட்டிவிடக் கூடாது. தலைவலி உயிரை எடுத்துவிடும்.

உப்பைப் பற்றி யாரும் இப்படி எச்சரிப்பதில்லை. காரத்தைத் திட்டுகிறவர்கள்கூட உப்பை மறந்துவிடுகிறார்கள். சேலத்துக்காரர்களின் பெருமையான தட்டுவடை செட், ஏரிக்கரையில் மிளகாய்த் தூளும் உப்பும் தடவிய வேகவைத்த சோளம், கீறி உப்பு தூவிய கொய்யா, கூடவே ஊறுகாய், அப்பளம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குள். இந்தியர்கள் தின்பது சராசரியாக 8 கிராம். ரத்த அழுத்தக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. இரவுத் தூக்கக் கதை அவ்வளவாகத் தெரியாது. ஜப்பானின் நாகசாகியில் மட்சுவோ என்ற மருத்துவர் 2017இல் வெளியிட்ட முடிவில், தினசரி உப்பை 10.7 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தவர்கள் இரவில் எழுந்து போவது சராசரியாக 2.3 முறையிலிருந்து 1.4 முறையாகக் குறைந்தது. படுக்கும் முன் தண்ணீரைத் தவிர்த்தும் பலனில்லை என்று புலம்பும் பெரியவர் ராத்திரிச் சாப்பாட்டில் ஊறுகாய்ப் பாட்டிலைத் தள்ளி வைத்துப் பார்க்கலாம். அதோடு நின்றுவிடாமல் சர்க்கரையும் பார்த்துவிட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை நீரையும் இழுத்துக்கொண்டே வெளியேறும்.

உப்பின் இன்னொரு சேட்டை சிறுநீரகக் கல்லில் தெரியும். உப்பு அதிகமாக வெளியேறும்போது சுண்ணாம்புச் சத்தான கால்சியமும் சிறுநீரில் அதிகமாகப் போகிறது. கல் என்றதும் நம் வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது பாலும் தயிரும். “கல்லே கால்சியம்தானே” என்பது நியாயமான வாதமாகத்தான் கேட்கும். இத்தாலியின் பார்மா நகரில் போர்கி குழுவினர் இதை நேரடியாகவே சோதித்து 2002இல் எழுதினார்கள். அடிக்கடி கல் வரும் 120 ஆண்கள். ஒரு பாதிக்குக் கால்சியம் குறைந்த உணவு; மறு பாதிக்கு வழக்கமான கால்சியம், ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. ஐந்து ஆண்டுகளில் முதல் பாதியில் 23 பேருக்கும் இரண்டாவது பாதியில் 12 பேருக்கும் மறுபடி கல். கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்புவதே உணவிலுள்ள கால்சியம்தான். அதைக் குறைத்தால் ஆக்சலேட் தங்கு தடையின்றிச் சிறுநீருக்குப் போய்விடும். சோற்றில் ஊற்றிக்கொள்ளும் மோர் கல்லுக்கு எதிரி அல்ல. மோரில் அள்ளிப் போடும் உப்பு வேண்டுமானால் எதிரி. கல்லுக்குக் காரணம் என்று பழி சுமக்கும் தக்காளி விதையைப் பற்றியும் சொல்லிவிடலாம். தக்காளியில் ஆக்சலேட் மிகக் குறைவு. பாலக் கீரையில்தான் அதிகம்.

ஏற்காட்டு ஆரஞ்சு இங்கே இரட்டை வேடம் போடுகிறது. அதன் சிட்ரேட் சிறுநீரில் கால்சியத்தைக் கட்டிப்போட்டுக் கல் உருவாவதைத் தடுக்கும். 2006இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் எலுமிச்சைச் சாற்றை விட ஆரஞ்சுச் சாறு சிறுநீரில் சிட்ரேட்டை நன்றாக உயர்த்தியது. அதே ஆரஞ்சு, சிறுநீர்ப்பை வலி நோய்க்காரர் சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும். ஆகவே ஆரஞ்சு நல்லதா என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. வைட்டமின் சி நல்லது என்று ஆயிரம் மில்லிகிராம் மாத்திரை போடுவது மட்டும் வேண்டாம். சுவீடன் நாட்டு ஆண்களிடம் அப்படிப் போட்டவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்ததை 2013இல் கண்டார்கள். வாழைத்தண்டுச் சாறு? எலிகளில் நல்ல அறிகுறிகள் தெரிந்திருக்கின்றன. மனிதர்களிடம் அது சாதிப்பதில் பெரும்பங்கு கூடவே உள்ளே போகும் தண்ணீருக்குச் சேர வேண்டியதாக இருக்கலாம். குடிப்பதால் கெடுதல் இல்லை.

மலையின் பழைய சாப்பாடு சாமையும் கேழ்வரகும். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் தலைமுறைகளாக விளைவித்துத் தின்ற தானியங்கள். 100 கிராம் கேழ்வரகில் 11 கிராம் நார்ச்சத்து. தீட்டிய அரிசியில் மூன்றுகூட இல்லை. சிறுநீர்ப்பைக்கும் நார்ச்சத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், இடத் தகராறுதான். இடுப்பெலும்புக் கூட்டுக்குள் மலக்குடலும் சிறுநீர்ப்பையும் அண்டை வீட்டார். மலச்சிக்கலில் ஒன்று வீங்கினால் மற்றொன்றுக்கு விரிய இடமில்லை. படுக்கையை நனைக்கும் குழந்தைகளிடம் மருத்துவர்கள் முதலில் மலச்சிக்கலை விசாரிப்பது இதனால்தான். இன்று கடையில் “சாமை அரிசி” என்று வெள்ளை வெளேரெனத் தீட்டி விற்பதில் அந்த நாரில் எவ்வளவு மிஞ்சும் என்பது வேறு கேள்வி. சாப்பிட்ட கையோடு காபியோ டீயோ குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்கிறது முன்பு சொன்ன ஐதராபாத் வழிகாட்டி. அவற்றின் டானின் சாப்பாட்டிலுள்ள இரும்பைக் குடல் ஏற்க விடாது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கும்போது இது சின்ன விஷயமல்ல. டீக்குப் பதில் ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றால் அதே இரும்பு கூடுதலாகச் சேரும்.

நீர்க்கடுப்புக்குக் கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவும் வைத்தியம் இன்னும் இருக்கிறது. சுண்ணாம்பு ஒன்றும் செய்யாது. கூடவே பாட்டி கொடுக்கும் இளநீரும் மோரும் சொம்புத் தண்ணீரும் செய்யும். வெயிலில் வேலை பார்த்து, தண்ணீர் குடிக்காமல் வரும் கடுப்பு, அடர்ந்த சிறுநீர் நீர்த்ததும் தணிந்துவிடும். கிருமித் தொற்றால் வரும் கடுப்பு வேறு. பெண்களின் சிறுநீர்க் குழாய் நான்கு சென்டிமீட்டர்தான் என்பதால் குடலில் வாழும் ஈ.கோலை கிருமிக்கு அது குறுக்கு வழி. தண்ணீர் அங்கும் வேலை செய்கிறது என்பதற்கு 2018இல் வந்த ஓர் ஆய்வு சாட்சி. அடிக்கடி தொற்று வரும், குறைவாகத் தண்ணீர் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேர் வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று, மற்றவர்களுக்கு 3.2 முறை. கிரான்பெர்ரிச் சாற்றுக்கும் ஓரளவு ஆதாரம் சேர்ந்திருக்கிறது. ஆனால் ஏற்காட்டில் அது விளையாது, சேலத்தில் வாங்கினால் விலை கட்டுப்படியாகாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்தை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போயாக வேண்டும்.

ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிப்பதில் விலை ஒன்றுமில்லை. சிக்கல் அதை வெளியேற்றும் இடத்தில். காபிப் பழம் பறிப்பு மும்முரமாக இருக்கும் மார்கழி, தையில் இடுப்பில் பை கட்டிய பெண்கள் காலையில் சரிவில் இறங்கினால் எடை போடும் நேரம்வரை செடிகளுக்கு நடுவில்தான். கழிப்பிடம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமோ களத்துப் பக்கமோ இருக்கும். போய் வந்தால் கூலிக்கான கிலோ குறையும். மறைவில் ஒதுங்கலாம் என்றால் அட்டை, பாம்பு, ஆள் நடமாட்டம். இந்த நிலையில் ஒரு பெண் எடுக்கும் முடிவு புத்திசாலித்தனமானதாகவே தோன்றும்: காலைக் காபியோடு சரி, தண்ணீர் மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம். ஜவுளிக்கடை விற்பனைப் பெண்ணும் பேருந்து நடத்துநரும் பள்ளி ஆசிரியையும் எடுப்பது இதே முடிவுதான். சிறுநீர் அடர்ந்து பையை உறுத்துகிறது. உறுத்தலால் அவசரம் கூடுகிறது. அவசரத்துக்குப் பயந்து தண்ணீர் இன்னும் குறைகிறது. காபி, மிளகாய், புளிப்பு எல்லாம் சேர்ந்து செய்வதைவிட இந்தச் சுழல் செய்வது அதிகம்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலை செய்யும் இடத்தில் குடிநீரும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பிடமும் எளிதில் போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றது. இரண்டையும் அடுத்தடுத்த பிரிவுகளில் வைத்தவர்கள் உடலியல் தெரிந்து வைத்தார்களோ இல்லையோ, வரிசை சரியானது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் போட்டது 2021இல். சரிவில் பழம் பறிப்பவருக்கு இருக்கைகூட வேண்டாம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போய்வரவும், போய்வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கவும் முடிந்தால் போதும். அதற்கு எடை போடும் இடத்தை ஒட்டியே ஒரு கழிப்பறையும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வேண்டும்.